மாமாவை விட்டுவிட்டுப் போன பயணம்

என் தம்பிக்குப் பெண் பேச நாங்கள் பூந்தமல்லியிலிருந்து இந்தோனேசியாவுக்குக் கிளம்பியபோது அத்தா எதையும் மறக்கவில்லை. இரண்டு கிலோ பால்கோவா எடுத்துக்கொண்டார். பெண்ணுக்கு ஒரு பட்டுச் சேலை. மூன்று பாட்டில் ஊறுகாய். அதில் ஒன்று வழியிலேயே கசிந்து என் துணிகள் எல்லாம் ஐந்து நாளும் எலுமிச்சை வாசம் அடித்தன. சம்பந்திக்கென்று அவர் கையாலேயே தைத்த மோட்டார் சைக்கிள் சீட் கவர் ஒன்று. அத்தாவுக்கு டிரங்க் ரோட்டில் சீட் கவர் கடை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டாலும் நானும் அந்தக் கடையில்தான் தைக்கிறேன். எங்கள் கடைத் தையல் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை என்று அத்தா சொல்வார். பிரிந்ததை எல்லாம் உட்கார்ந்து திரும்பத் தைப்பவள் நான்.

அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தது ஒரே ஒரு ஆளை. அம்மாவின் அண்ணனை.

மாமாவுக்கும் அத்தாவுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால் அத்தா கறிக்கதை சொல்வார். ஒரு பக்ரீத்துக்கு மாமா வீட்டிலிருந்து வந்த குர்பானிப் பங்கில் வெறும் கழுத்தெலும்பாக இருந்ததாம். "தங்கச்சி ஊட்டுக்கு அனுப்புற பங்கா இது? நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்று அன்றைக்குக் கத்தியவர்தான், அதன் பிறகு மாமா முகத்தில் விழிக்கவில்லை. ஆனால் கறி ஒரு சாக்கு. உண்மைக் காரணம் திருவேற்காட்டில், கூவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மாவின் அத்தா விட்டுப்போன நிலம். அவர் மௌத்தான பிறகு அம்மா தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக மாமா ஒரு விடுதலைப் பத்திரத்தைக் கொண்டுவந்து, "இங்க ஒண்ணு போடு, அங்க ஒண்ணு போடு" என்று விரலால் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு டீ வைக்கப் போய்விட்டாள். மார்க்கப்படி அவளுக்கும் பங்கு உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் அண்ணனிடம் பங்கு கேட்கிற தங்கை கெட்ட தங்கை. கேட்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்த அத்தாவுக்கு அந்தக் கழுத்தெலும்பு நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது.

நிலத்தில் பெரும்பகுதி பிளாட்டாகிப் போய்விட்டது. மிச்சம் இரண்டரை கிரவுண்டு. ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் கிணறு, நடுவில் மாமி போடும் அரைக்கீரையும் சிறுகீரையும். மாமா திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறார். எங்கள் கடை வாசல் வழியாக ஒரு நாளைக்குப் பத்து தடவை போவார். ஒவ்வொரு தடவையும் அத்தா தையல் மெஷினில் தலையைக் குனிந்துகொள்வார்.

தம்பி பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறான். அந்தப் பெண் அதே தொழிற்சாலையில் சாமான்களைச் சரிபார்க்கிற வேலை. மூன்று வருஷப் பழக்கம். அவர்களும் நம்மைப் போலத் தொழுகிறவர்கள்தான் என்பதால் அத்தா இரண்டு மாதம்தான் குதித்தார். "பொண்ணோட ஊருக்கு வந்து முறையா பேசணும், மாமாவையும் கூட்டினு வாங்க" என்று தம்பி போனில் இரண்டு தடவை சொன்னான். "அவனுக்கு பாஸ்போர்ட்டே இல்ல" என்று அத்தா முடித்துவிட்டார். ஏன் மாமா வேண்டும் என்று இவர் கேட்கவில்லை. சொன்னால் பயணமே நின்றுவிடும் என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே புத்தி.

சுமத்ராவில் விமானம் இறங்கி, அரை நாள் மலையில் சுற்றிச் சுற்றி ஏறினோம். கடைசியில் ஒரு சின்ன லாரியின் பின்னால் மிளகாய் மூட்டைகளோடு உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தோம். அம்மா மூட்டை மேல் ஜம்மென்று உட்கார்ந்து வந்தாள். நான்தான் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன்.

ஊர் என்றால் நாற்பது ஐம்பது வீடு. பழைய வீடுகளின் கூரை இரண்டு முனையிலும் மாட்டுக்கொம்பு மாதிரி மேலே வளைந்திருந்தது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல். நம் பக்கம் போல ஒரே சமயத்தில் நடவு, ஒரே சமயத்தில் அறுப்பு என்று இல்லை. மேல் படியில் எருமை கட்டி உழுதுகொண்டிருந்தார்கள், அடுத்த படியில் நாற்று, அதற்கும் கீழே கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. எல்லாப் படிக்கும் மேலிருந்து ஒரே வாய்க்கால். ராத்திரி பகல் அந்தத் தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. "யாரு பைப்ப தொறந்து உட்டது?" என்று அத்தா முதல் நாள் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தார்.

காப்பி என்று ஒன்று கொடுத்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில், தேயிலைத் தண்ணி நிறத்தில். காப்பிச் செடியின் இலையைப் புகையில் வாட்டிக் காய்ச்சுவதாம். "அப்ப கொட்டைய இன்னா பண்ணாங்கோ?" என்று அத்தா கேட்டார். வித்தாச்சு என்று தம்பி சொன்னான். சாப்பாட்டுக்கு மூன்று வேளையும் தேங்காய்ப்பாலில் வற்ற வைத்த மாட்டுக்கறி. அதில் ஒரு கழுத்தெலும்புகூட இல்லை என்பதை அத்தா எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அம்மா இரண்டாம் நாளே காணாமல் போனாள். தேடினால், வயல் நடுவில் மூங்கில் கால்கள் மேல் கட்டிய பரணில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து நாலா பக்கமும் கயிறு ஓடும். கயிற்றில் தகர டப்பாவும் பிளாஸ்டிக் துண்டும் கட்டியிருக்கும். குருவி இறங்கினால் கயிற்றை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டவள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் இறங்கவில்லை. அந்தப் பெண்ணும் அம்மாவும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "குருவியத் திட்டினோம்" என்றாள்.

அத்தா அந்த இரண்டு நாளும் சம்பந்தியை விடவில்லை. சம்பந்தி சாதுவான மனிதர், எப்போதும் ஒரு சிரிப்பு. சீட் கவரை வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு அத்தா தானே மாட்டிவிட்டார், அவரும் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மறுநாள் காலையில் சம்பந்தியம்மா அந்த வண்டியில் மிளகாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். புதுக் கவர் மேல் மூட்டை ஏறியதைப் பார்த்து அத்தா பல்லைக் கடித்தார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. நிக்காஹ் இந்த மாதம் என்றார், சம்பந்தி தலையாட்டினார். வலிமா விருந்து பூந்தமல்லி மண்டபத்தில் என்றார், அதற்கும் தலையாட்டினார். பெண் எங்கள் வீட்டில் ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்றார், அதற்கும். தம்பி மொழிபெயர்த்துக்கொண்டே நெளிந்துகொண்டிருந்தான்.

"தங்கமான மனுசன். ஒரு எதிர்ப்பேச்சு இல்ல பாத்தியா" என்று அத்தா என்னிடம் பூரித்துப்போனார்.

மூன்றாம் நாள் காலையில்தான் பேச்சுவார்த்தை என்று தம்பி சொன்னபோது, "அதான் எல்லாம் பேசியாச்சே" என்றார்.

கறுப்புச் சட்டையும் தலைப்பாகையுமாகப் பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒன்பது பேர் வந்து பெரிய வீட்டின் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒல்லியாக ஒரு பெரியவர். நடுவே மஞ்சள் துணி போட்டு மூடிய பித்தளைக் கிண்ணம், உள்ளே வெற்றிலை. அது திறந்தால்தான் பேச்சு தொடங்கியதாக அர்த்தம். அந்த ஒல்லிப் பெரியவர் எங்கள் வரிசையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். அமைதியாக ஏதோ கேட்டார்.

தம்பி அத்தாவைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான். "இவர் பொண்ணோட தாய்மாமா. பையனோட தாய்மாமா எங்கன்னு கேக்கறாரு."

"நான் பையனோட அத்தா. என்கிட்ட பேசச் சொல்லு" என்றார் அத்தா, நெஞ்சை நிமிர்த்தி.

தம்பி சொன்னான். பெரியவர் மிகுந்த மரியாதையோடு அத்தாவைப் பார்த்துக் குனிந்து ஒரு வார்த்தை சொன்னார். உடனே ஒரு பெண் வந்து அத்தா முன்னால் ஒரு சிரட்டை இலைக் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

"இன்னாடா சொன்னாரு?"

"நீங்க விருந்தாளி, காப்பி குடிங்கன்னாரு."

அங்கே வம்சம் அம்மா வழியில் போகிறது. நிலம், வீடு எல்லாம் பெண்களுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு. குடும்பத்துக்காக வாய் திறந்து பேசும் உரிமை அம்மாவின் கூடப் பிறந்தவனுக்கு. நிக்காஹ் அன்றைக்குப் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பது மட்டும்தான் அவளுடைய அத்தா வேலை. தம்பி இதை எல்லாம் அங்கே வைத்து மெதுவாகச் சொன்னபோது, அத்தா திரும்பித் தன் தங்கமான சம்பந்தியைப் பார்த்தார். அவர் அதே சிரிப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலும் ஒரு சிரட்டைக் காப்பி.

"இந்த வயல் உங்களுது இல்லையா?" என்று அத்தா அவரையே கேட்டார்.

மனைவியுடையது.

"ஊடு?"

மனைவியுடையது.

"எருமை? வண்டி?"

அதுவும்.

"அப்ப உங்களுக்குன்னு இன்னாதான் கீது?"

சம்பந்தி நிஜமாகவே யோசித்தார். பிறகு எழுந்து போய், வாசலில் கூண்டில் தொங்கிய ஒரு புறாவைப் பெருமையோடு காட்டினார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கியிருக்கலாம், ஏனென்றால் அந்தப் பக்கம் கதவோரம் நின்ற பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. தாய்மாமன் பேச்சு இல்லாமல் கிண்ணம் திறக்காது. கிண்ணம் திறக்காமல் நாங்கள் திரும்பினால், வந்தவர்கள் பேசாமல் போய்விட்டார்கள் என்று ஆகிவிடும். அதன் பிறகு இந்தச் சம்பந்தத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவதைத் தவிர அவள் மாமாவுக்கு வேறு வழியில்லை. எங்களுக்கு மறுநாள் சாயங்காலம் கிளம்பியாக வேண்டும். மூன்று வருஷம் காத்திருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கழுத்தெலும்புக்காக இவ்வளவா என்று அத்தா மேல் பொங்கிக்கொண்டு வந்தது.

அத்தாவுக்கோ யோசனை ஓடிக்கொண்டிருந்தது. "நானே மாமான்னு சொல்லிடு. மாமாவும் நான்தான், அத்தாவும் நான்தான். இவங்களுக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

அந்தக் கூடத்தில் அதுவரை அவள் பேசவில்லை. "எங்கண்ணனக் கூப்புடுங்க. போன்ல பேசட்டும். ஆனா நீங்க கூப்புடணும், நான் மாட்டேன்."

தம்பி கேட்டான். ஒன்பது பேரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். மாமன் உடல் தூரத்தில் இருந்தாலும் வார்த்தை அவருடையதாக இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. ஆனால் கூடத்தில் சிக்னல் இல்லை. ஊரிலேயே சிக்னல் ஒரே இடத்தில்தான், அம்மாவின் குருவிப் பரணில்.

ஆகவே சபை வயலுக்குக் கிளம்பியது. கறுப்பு உடையில் ஒன்பது பேர் வரப்பில் வரிசையாக, நடுவில் ஒருவர் தலையில் வெற்றிலைக் கிண்ணம், பின்னால் பெண்கள், அதற்கும் பின்னால் நாங்கள். அத்தா வரப்பில் வழுக்கி ஒரு காலை முழங்கால் வரை சேற்றில் விட்டார். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. பரணுக்கு வந்து போனை எடுத்தவர், "நம்பர் அழிச்சிட்டேனே" என்றார்.

அம்மா பத்து எண்ணையும் கடகடவென்று ஒப்பித்தாள். அத்தா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அழுத்தினார்.

எங்களுக்கு மணி பத்து. திருவேற்காட்டில் எட்டரை, ஆபீஸ் நேரம். வீடியோவில் முதலில் ஸ்டியரிங் தெரிந்தது, அப்புறம் மாமாவின் மூக்கு.

"யாரு? வண்டி ஓட்டினுகீறேன், சீக்கிரம் சொல்லு."

"நான்தான்."

"நான்தான்னா?"

"மச்சான்... பூந்தமல்லி" என்றார் அத்தா.

பிரேக் கிறீச்சிட்டது. "யோவ், இன்னாயா இப்பிடி மிதிக்கிற!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். வண்டி ஓரம் கட்டியது. மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தார். அத்தா, அத்தாவுக்குப் பின்னால் கறுப்பு உடையில் ஒன்பது பேர், அவர்களுக்குப் பின்னால் ஓர் எருமை.

"மச்சான், எங்க கீற நீ? இவங்கள்லாம் யாரு? உன்னியப் புடிச்சி வச்சினுகீறாங்களா?"

நடந்ததை அத்தா சொன்னார். "உன்னியக் கூப்புடாம வந்தது என் தப்பு மச்சான். நீ பேசினாத்தான் பையன் கல்யாணம்." ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை யாரைப் பற்றியும் வரும், அவரைப் பற்றி வந்து நான் கேட்டதில்லை.

மாமா தலையிலிருந்த தொப்பியைச் சரி செய்துகொண்டார். "அந்தக் கறி..." என்று ஆரம்பித்தார்.

"அத்த உடு மச்சான்."

பெண்ணின் மாமா போன் முன்னால் வந்து சலாம் சொன்னார். மாமாவும் சொன்னார். இரண்டு பக்கமும் தானாகப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். பிறகு அவர் ராகம் போட்டது போல ஒரு நீண்ட பேச்சு பேசினார். மலை, தண்ணீர், கன்று, தாய் எல்லாம் வந்தன. தம்பி திணறித் திணறித் தமிழில் சொன்னான்.

"மணி ஆச்சுப்பா, எட்டே முக்காலுக்கு எனக்கு பஸ்ஸு" என்றது வேனில் ஒரு குரல்.

மாமா திரும்பினார். "சும்மா இருங்கோ. என் தங்கச்சி பையனுக்குக் கல்யாணம் பேசினுகீறேன். ஒட்டுமொத்த ஊரும் என்னியக் கேட்டுதான் செய்யுமாம்."

அவ்வளவுதான், வேன் மொத்தமும் முன்னால் நகர்ந்தது. மாமாவின் தோளுக்குப் பின்னால் ஏழெட்டு முகம் தெரிந்தது. முன் சீட்டில் மடியில் பூக்கூடையோடு ஓர் அம்மா. அவர் போனையே தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

முதல் கேள்வி, பையனைக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா. "சம்மதம்" என்றார் மாமா. இரண்டாவது, பையன் நல்லவனா. "சின்ன வயசுல என் வண்டி கண்ணாடிய ஒடைச்சான். மத்தபடி நல்லவன்" என்றார். தம்பி பின்பாதியை மட்டும் மொழிபெயர்த்தான்.

மூன்றாவது கேள்விக்குப் பெரியவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். தம்பி கேட்டுக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள் அம்மா.

"பையனோட அம்மாவுக்கு நிலம் எங்க கீதுன்னு கேக்கறாரு மாமா. அம்மா நிலம் இருக்கிற வீட்லேர்ந்து வர்ற ஆம்பளதான் பொண்ணு வீட்ல தல நிமிந்து உக்காரலாமாம்."

அத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன், பலமாகவே. அம்மா போனைப் பார்க்கவில்லை. குருவிக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் மாமாவின் முகம் வேர்த்தது. துண்டால் துடைத்தார். மறுபடி வேர்த்தது.

"இன்னாப்பா, கேக்கறாங்கல்ல? தங்கச்சிக்கு நெலம் கீதா இல்லியா?" என்றார் பூக்கூடைக்காரம்மா.

"கீது" என்றார் மாமா.

தம்பி ஒரே மூச்சில் மொழிபெயர்த்தான். ஒன்பது தலைப்பாகைகளும் அசைந்தன.

"எவ்ளோ?" இதைக் கேட்டது அந்த ஊர்க்காரர்கள் இல்லை, வேனில் யாரோ.

"முக்கா கிரவுண்டு. திருவேற்காட்ல. எங்கத்தா நெலம்."

அம்மா அப்போதுதான் திரும்பினாள். போனை அத்தா கையிலிருந்து வாங்கி, தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "அண்ணே, ரோட்டுப் பக்கமா, கெணத்துப் பக்கமா?"

சபைக்காகச் சும்மா சொல்லிவைத்த பேச்சு என்று மாமா நினைத்திருந்தால், அந்த நினைப்பு அங்கே முடிந்தது. அவர் அம்மாவையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "உனுக்கு எது வோணும்மா?" என்றார்.

"கெணத்துப் பக்கம்."

"ரோட்டுப் பக்கம்தான் வெல போகும்" என்று அத்தா காதோரம் முணுமுணுத்தார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மஞ்சள் துணியை எடுத்தார்கள். பெரியவர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, அங்கே மாமனும் போட வேண்டும் என்றார். ஷேர் வேனில் வெற்றிலைக்கு எங்கே போவது? பூக்கூடைக்காரம்மா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, "வாயத் தொற" என்று மாமா வாயில் ஒன்றைத் திணித்தார். இரண்டு தாய்மாமன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே மென்றார்கள். வேனில் கைதட்டினார்கள். அத்தாவும் சம்பந்தியும் வரப்பில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தாவின் தொலைந்த செருப்பை யாரோ சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருந்தார்கள்.

நாற்று நட்டிருந்த படி அறுவடையான பிறகு நிக்காஹ் என்று முடிவானது. ஊருக்கு வந்ததும் மாமா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். ஆனால் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம். பதினைந்து நாள் போனது, ஒரு மாதம் போனது. அத்தா மறுபடி மெஷினில் தலை குனிய ஆரம்பித்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். நானே போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் கிளம்பி, மாமாவின் வேனிலேயே ஏறினேன்.

நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. ஏறின உடனே பூக்கூடைக்காரம்மா, "இன்னா டிரைவரு, ரிஜிஸ்டர் ஆச்சா?" என்றார். மாமா கியரைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர், இறங்குவதற்கு முன்னால் அதையே கேட்டார். அதற்கடுத்து காலேஜ் பெண்கள் இரண்டு பேர். "தெனம் இதே ரோதனைம்மா" என்று மாமா என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். "காலைல ஆறு மணி டிரிப்புலேர்ந்து ஆரம்பிக்கிறாங்கோ. அன்னைக்கு வண்டில இல்லாதவன்லாம் கேக்கறான்." சம்பந்தி ஊர்க்காரர்கள் கடல் தாண்டி இருந்தார்கள், அவர்களைச் சமாளித்துவிடலாம். இந்த ரூட்டை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்?

அடுத்த வாரமே அம்மா பேருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் தயாராகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எங்களை மாமாவே வேனில் கூட்டிக்கொண்டு போனார், பூந்தமல்லி டிரிப்போடு டிரிப்பாக. பயணிகளில் ஐந்து பேர் இறங்கவே இல்லை. பூக்கூடைக்காரம்மா எங்களோடு உள்ளேயே வந்துவிட்டார். யார் என்று கேட்டதற்கு, "சாட்சி" என்றார்.

மேஜை மேல் பத்திரத்தைப் பரப்பினார்கள். மாமா பழக்க தோஷத்தில் விரலை நீட்டி, "இங்க ஒண்ணு..." என்றார். அம்மா அந்த விரலைப் பிடித்து மெதுவாக ஓரமாக வைத்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், வாய் அசையும். பத்திரம் பதினோரு பக்கம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். வெளியே யாரோ வேன் ஹாரனை அழுத்தினார்கள். மாமா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். "பேனாவக் குடுங்கப்பா, நான் சொல்றேன்" என்று அத்தா முன்னால் வந்தார். பூக்கூடைக்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அத்தா போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பதாம் பக்கத்தில் நான்கெல்லை வந்தது. அந்த இடத்தில் அம்மாவின் விரல் நின்றது. கிழக்கே அண்ணன் நிலம் என்று கூட்டினாள், வடக்கே இன்னார் மனை என்று கூட்டினாள், தெற்கையும் முடித்தாள். "மேற்கே... கி... ண... று" என்று வாய்விட்டுப் படித்தாள். படித்ததை இன்னொரு தடவை படித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமாவும் அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இரண்டு பக்கத்தையும் படித்து முடித்த பிறகுதான் அம்மா பேனாவைக் கேட்டாள்.